வாய் போன எழுத்து

இல்லை பத்மா, நீ குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் இல்லை. ரூஹி 'எரி' என்று எழுதவில்லை. 'ஏரி' என்றுதான் எழுதினாள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டைத் தின்னச் சொன்னவன் ஒருவன், தின்றவன் ஒருவன். அது இல்லாததைப் பார்த்துத் தீக்குச்சி உரசியது இந்தத் தெரு. அவர்களையெல்லாம் விட்டுவிட்டு, பாய் வீட்டு மருமகள்தான் கஜபதியோடு சேர்ந்துகொண்டு ஏரிக்கரையைக் கொளுத்தினாள் என்று கள்ளிக்குப்பம் குழாயடி முழுக்கப் பேசினால், காதில் வாங்கிக்கொண்டு சும்மா போக முடியுமா? முதலில் முழுசாகக் கேள். அப்புறம் வாயைத் திற.

ரூஹி பூந்தமல்லிக்காரி. அவள் அத்தா உஸ்மான் கனி அங்கே கறிக்கடை வைத்திருக்கிறார். அவள் நடை பழகியதே கறி வெட்டும் கட்டையைப் பிடித்துக்கொண்டுதான். தோலுரித்துத் தொங்கும் ஆட்டைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் முகத்தைத் திருப்பும். இவள் அத்தாவின் கத்தியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கத்திக்கு முதுகு என்று ஒன்று உண்டு, வாய் என்று ஒன்று உண்டு. முதுகு விரல் தடிமன் இருக்கும். வாயோ இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ஆனால் எலும்பைப் பிளப்பது அந்தத் தெரியாத பக்கம்தான். ஒருநாள் அதை விரலால் தடவிப் பார்த்தாள். வலிக்கவே இல்லை. குனிந்தால் பாவாடையெல்லாம் ரத்தம்.

"வாயைத் தொடாத புள்ள. அது சொல்லிட்டு வெட்டாது" என்றார் உஸ்மான் கனி, மஞ்சள்தூளை அள்ளி அப்பிக்கொண்டே.

பன்னிரண்டாவது முடித்ததும் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் பரந்தாமன் வைத்திருந்த பிளக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று நாளெல்லாம் பேனர். அங்கே இருந்த எழுத்து எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. எல்லாக் கோடும் ஒரே தடிமன். முறுக்குப் பிழிந்து வைத்த மாதிரி. அதற்கு முதுகும் இல்லை, வாயும் இல்லை. நானே ஒன்று செய்கிறேன் என்று சார்ட் தாளில் வரைய ஆரம்பித்தாள்.

'க'வுக்கு நடுவில் இறங்கும் கோடு உலக்கை. குறுக்கே ஓடும் கோடு தலைமுடி. ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் ஒரு சின்னப் பாதம், செருப்புப் போட்டுக்கொண்டு தரையில் ஊன்றி நிற்கிற மாதிரி. சுழிகள்தான் உயிரை வாங்கின. 'ண'வில் சுழி சுழியாக வரும். எல்லாவற்றையும் தடியாக்கினால் உள்ளே இருக்கும் வெள்ளை மூச்சுமுட்டிச் செத்துப்போகும். ஒரு பக்கம் பருத்தால் மறுபக்கம் நூலாக வேண்டும், அப்போதுதான் வெள்ளை பிழைக்கும். வரைந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஓரத்தைப் பிடித்து இழுத்து, தள்ளி, அழித்து, மறுபடி இழுத்து, அவள் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக நிற்கவைத்து முடிப்பதற்குள் ஒரு ரமலான் போய் அடுத்த ரமலான் வந்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பு இடி மாதிரி இறங்கும். கிட்டே போனால் மினுமினுவென்று ஒரு நூல் ஓடும்.

பரந்தாமன் பார்த்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"சோக்கா கீதும்மா. ஆனா மெல்லிசு ரொம்ப மெல்லிசு. பிளக்ஸ்ல காணாம பூடும். கொஞ்சம் தடிப்பாக்கேன்."

"தடிப்பாக்கினா அது உலக்கை சார். கத்தி இல்ல."

"எனுக்கு இன்னாத்துக்கு கத்தி? நான் இன்னா கறிக்கடையா வச்சினு கீறேன்?"

அவள் மாற்றவில்லை. பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான், அதை யாரும் மறைக்கவில்லை.

முதலில் ஒரு கல்யாண பேனரில் போட்டாள். அதைப் பார்த்தவர்கள் அதே எழுத்து வேண்டும் என்று வந்து நின்றார்கள். அப்புறம் யார் கண்ணில் பட்டதோ, அடிதடிப் பையன்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்கள் வைத்த பேர்தான் 'அருவா எழுத்து'. "அண்ணே, அருவாவுல போட்டுக் குடுங்க" என்று வருவார்கள். ஆவடியிலிருந்து வந்தார்கள், முத்தாபுதுப்பேட்டையிலிருந்தும் வந்தார்கள். ஒரு பையனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அடித்த அதே எழுத்தில், வருஷம் திரும்புவதற்குள் அவனுக்கே கண்ணீர் அஞ்சலி அடித்ததும் உண்டு.

வெங்கட் என்று ஒருவன். வேப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கம் ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு திரிந்தவன். அவன் பிறந்தநாள் பேனருக்கு எதிரிலேயே, அவன் ஆட்கள் வெட்டிச் சாய்த்த பையனின் அஞ்சலி பேனர் அதே எழுத்தில் தொங்கியது. பட்டப்பகலில் கடைக்குள் வந்து மேஜைமேல் நிஜ அரிவாளைப் போட்டான்.

"இன்னாமே, எனுக்கு போட்ட எழுத்துலயே அவனுக்கு சாவு பேனரா?"

"எழுத்து எல்லாருக்கும் பொது அண்ணாத்தே. வாழ்த்துக்கும் அதே 'வ'தான், அஞ்சலிக்கும் அதே 'அ'தான்."

"அப்ப எனுக்குன்னு வேற 'அ' செய்யி."

பரந்தாமன் அதற்குள் மிஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். ரூஹிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது. வெங்கட் அரிவாளைத் திருப்பிப் பிடித்து, முதுகால் மானிட்டரை அடித்தான். தெறித்த சில்லு அவள் புருவத்தைக் கிழித்தது. கண்ணெல்லாம் ரத்தம். துப்பட்டாவை அழுத்திக்கொண்டு, "மானிட்டரை உடைச்சா எழுத்து உடையாது. அது பென்டிரைவுல கீது" என்றாள். அவன் பேனர் கட்டைகளை எட்டி உதைத்துவிட்டுப் போனான். அடுத்த கோயில் திருவிழாவுக்கு அவன் ஆட்களே வந்து, "அதே அருவாவுல போட்டுடுங்க" என்று கேட்டார்கள்.

அந்தத் தையல் போட்ட புருவத்தைப் பார்த்துத்தான் அஸ்கர் மயங்கினான். கடையிலிருந்து பேனர் ஏற்றிப் போகும் லோடு ஆட்டோ அவனுடையது. இரண்டு வீட்டிலும் பேசி முடித்து, ரூஹி கள்ளிக்குப்பம் ஏரிக்கரைத் தெருவுக்கு மருமகளாக வந்தாள். அஸ்கருக்குப் பெருமை தாங்காது. ஆட்டோ ஓட்டிக்கொண்டே ரோட்டோர பேனரைக் காட்டி, "அது என் பொண்டாட்டி எழுத்து, மச்சான்" என்பான். மாமியார் ஷம்ஷாத்தும் நல்லவள்தான். மருமகள் வேலைக்குப் போவதைப் பற்றி யாராவது முனகினால், "உன் ஊட்டு பேனருக்கும் அவதான் எழுதணும், மூடு" என்று அனுப்பிவிடுவாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் கஜபதி வந்து ஏறினான்.

கஜபதியை இங்கே யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கரைக்கு அந்தப் பக்கம் மனை போட்டு விற்றவன், இந்தப் பக்கமும் கண் வைத்தான். நேராக வந்து வீட்டைக் காலி செய் என்றால் கட்டையால் அடிப்பார்கள் என்று தெரியும். அதனால் ஏரிப் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினான். கரையில் குடியிருப்பவர்கள்தான் ஏரியைக் கெடுக்கிறார்களாம். ஏற்கெனவே ஒருதரம் அவன் ஆட்கள் ஜேசிபியோடு வந்து, கல்லடி வாங்கித் திரும்பியிருந்தார்கள். தெரு கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. அப்போதுதான் அவன் பரந்தாமன் கடைக்கு வந்து ஒரு பேனர் கேட்டான். மேலே பெரிசாக 'ஏரி'. அதற்குக் கீழே 'கரை நமதே'. வேறொன்றும் வேண்டாம், அருவா எழுத்தில் வேண்டும்.

தன் தெருவுக்கு எதிரான ஆள் என்று ரூஹிக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் 'ஏரி' நல்ல சொல். கரை நமதே என்றால் நம் தெருவுக்கும் அது பொருந்தும் என்று நினைத்தாள். வேண்டாம் என்று எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. செய்தாள், மனசு வைத்தே செய்தாள். அந்த 'ஏ' அவளுக்குச் செல்லம். தடித்த உடம்பு, காலடியில் ஒரே ஒரு சாய்ந்த கோடு, முடியைப்போல மெல்லிசாக இழுத்து நுனியில் ஒரு சொட்டு. குறில் நெடிலாவது அந்தக் கோட்டால்தான்.

கஜபதி மானிட்டரைப் பார்த்தான்.

"இன்னா, டல்லா கீது? எழுத்த சுத்தி பார்டர் போடு. மஞ்சள்ல, தடியா."

"பார்டர் வேணாங்க. அது உள்பக்கமும் தின்னும். மெல்லிசு கோடெல்லாம் காணாம பூடும்."

"பார்டர் இல்லாம எவனாவது பேனர் வைப்பானா? புடவைக்கே பார்டர் கீது."

"இந்த எழுத்துக்கு வாய் போயிடுங்க."

"வாய் போனா முதுகால அடிக்கலாம். போடு."

அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கஜபதி அவள் நாற்காலியைக் காலால் நெம்பித் தள்ளினான். சரிந்து சுவரில் போய் இடித்தாள். பரந்தாமன் ஓடிவந்து, "நீ ஊட்டுக்குப் போம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். அவள் கோபத்தோடு கிளம்பினாள். அவர் பார்த்துக்கொண்டது இதுதான்: மஞ்சள் பார்டரைத் தடியாகப் போட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் அச்சுக்கு விட்டார்.

மறுநாள் காலையில் பேனர் தெரு முனையில் ஏறிவிட்டது. முதலில் படித்தவன் யார் தெரியுமா? அஸ்கர். ஆட்டோவை எடுக்கப் போனவன் அண்ணாந்து பார்த்தான். பொண்டாட்டி எழுத்துதான், சந்தேகமே இல்லை. 'எரி. கரை நமதே.' மறுபடி படித்தான். அப்படியேதான் இருந்தது.

"டேய், எரின்னு போட்டு கீறான் டா! நம்ம ஊட்ட எரிக்கச் சொல்லி போட்டு கீறான்!"

ஜேசிபியைக் கல்லால் அடித்து விரட்டிய தெருவுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஆண்களும் பெண்களும் முனைக்கு ஓடினார்கள். அஸ்கர் சாரக்கட்டையில் ஏறி பேனரைப் பிடித்து இழுத்தான். எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த கஜபதியின் ஆட்கள் எழுந்து வந்தார்கள். யார் முதலில் அடித்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. இரும்புக் குழாய் ஒருவன் தாடையில் இறங்கியது. அவன் பல்லைத் துப்பிக்கொண்டே எதிரில் நின்றவன் வயிற்றில் மிதித்தான். யாரோ கொதிக்கிற டீ பாய்லரைக் கவிழ்த்தார்கள். ஒருவன் முதுகு வெந்து, தரையில் புரண்டு அலறினான். செங்கல் பறந்தது. அஸ்கர் கட்டையிலிருந்து இறங்கிய நேரம் ஒரு அரிவாள் அவன் தலைக்கு வந்தது. வலது கையைத் தூக்கினான். உள்ளங்கை பிளந்து, இரண்டு விரல் தோலில் தொங்கின.

ரூஹி ஓடிவந்தாள். புருஷன் கையைப் பார்த்தாள், ரத்தத்தைப் பார்த்தாள், அப்புறம் பாதி கிழிந்து தொங்கும் பேனரைப் பார்த்தாள். 'ஏ'வின் காலைக் காணோம். மஞ்சள் பார்டர் அதை வழித்துத் தின்றிருந்தது. ஒரே நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பேனரைக் காட்டி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஏரி! அது ஏரி! ஏரி!"

ஓடிவந்த மூச்சிரைப்பில், அந்தச் சத்தத்தில், நெடிலை யார் காதில் வாங்கினார்கள்? கூட்டத்துக்குக் கேட்டது 'எரி, எரி'. பேனரைக் காட்டிக் கத்துகிறாள், கொளுத்தச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். கொளுத்திவிட்டார்கள். தீப்பெட்டி யார் கையில் இருந்தது என்று இன்றைக்கு வரைக்கும் ஒருவரும் சொல்வதில்லை. பத்மா, உன் வீட்டுக்காரர் விரல் சுட்டிருந்ததைப் பார்த்த கண் இரண்டு இங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

பிளக்ஸ் துணி மாதிரி எரியாது. உருகிச் சொட்டும், சொட்டு சொட்டாகத் தீ விழும். ஏரிக் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் தையல்காரி பேபி வீட்டுக் கூரையின் நீலத் தார்ப்பாயில் போட்டது. பேபி தையல்மிஷினை இழுக்க உள்ளே ஓடினாள். கூரை அவள் தோளில் விழுந்தது. அவளை வெளியே இழுத்துப் போட்டபோது ரவிக்கை தோலோடு ஒட்டியிருந்தது. வீடு கட்டையும் சாம்பலுமாக உட்கார்ந்துவிட்டது. கஜபதி ஆட்கள் அதற்குள் பைக் ஏறிப் போய்விட்டார்கள்.

நம் தீயில் நம் வீடே எரிந்தது என்று எந்தத் தெரு ஒத்துக்கொள்ளும்? ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த ரூஹியின் முடியைப் பிடித்து ஆட்டோவிலிருந்து இழுத்தார்கள்.

"எழுதினதும் நீ, கத்தினதும் நீ! இன்னா குடுத்தான் கஜபதி?"

செருப்பால் அடித்தார்கள். நகத்தால் கன்னத்தைப் பிறாண்டினார்கள். அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, விரலால் பெரிய 'எ' போட்டு, காலடியில் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.

"பாருங்க, இதுதான் நான் போட்டது. இந்தக் கோடு பார்டர்ல பூட்ச்சி."

"ஒரு கோட்டுக்கா என் மருமவன் பல்லு போச்சி?" என்று ஒருத்தி அந்த எழுத்தைக் காலால் தேய்த்தாள்.

போலீஸ் அஸ்கர் மேல் கேஸ் எழுதிக்கொண்டது. பேனரைக் கிழித்தான், கும்பலைத் தூண்டினான் என்று. கஜபதிமேலும் ஒன்று எழுதினார்கள், எரிக்கச் சொல்லி பேனர் வைத்ததாக. அவனுக்கு அதுதான் குத்தியது. அடுத்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஆட்கள் திரும்புகிற நேரம், அவனே தெருவுக்கு வந்தான். பேபி வீட்டுச் சாம்பலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். குரல் வெல்லமாக இருந்தது.

"அந்தப் பொண்ணு தெரியாத்தனமா எரின்னு அடிச்சிட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லட்டும், ஸ்டேஷன்லயும் சொல்லட்டும். அஸ்கர் மேல கீற கேஸ் போயிடும். ஆஸ்பத்திரி என்னுது. பேபி ஊடு என்னுது. இந்தக் கரைப்பக்கம் நான் வரமாட்டேன்."

தெரு ஒரே மூச்சாகச் சரி என்றது. யாருக்குத்தான் கசக்கும்? கஜபதி தப்பித்தான், தெரு தப்பித்தது, தீப்பெட்டிக்காரரும் தப்பித்தார். மாட்டிக்கொள்வது ஒரு எழுத்து.

ஷம்ஷாத் மருமகளின் மோவாயைப் பிடித்தாள். "ஒரு வார்த்தைதான் கண்ணு. சொல்லிடு. எம்புள்ள ஜெயிலுக்குப் போவக்கூடாது."

"இல்லாதத எப்படி மாமி சொல்றது?"

அஸ்கர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தலை நிமிராமல் சொன்னான்: "சொல்லிடு ரூஹி. நான் உன் எழுத்தப் படிச்சதாலதான் இந்தக் கை போச்சி. எனுக்காக சொல்லு."

அவள் எழுந்து நின்றாள். ஒரு கன்னத்தில் இன்னும் நகக்கீறல் காயவில்லை.

"கோட்ட அவ்ளோ மெல்லிசா போட்டது நான். பரந்தாமன் சார் அப்பவே தடிப்பாக்குன்னு சொன்னாரு, கேக்கல. அது என் தப்பு. எங்க வேணா சொல்றேன். ஆனா நான் எழுதினது ஏரி. பார்டர் கேட்டது இவரு. கொளுத்தினது நாம."

கடைசிச் சொல்தான் வினை. 'இவரு' என்றபோது சும்மா இருந்த தெரு 'நாம' என்றதும் சீறியது. எல்லோருக்கும் முன்னால் அஸ்கர்தான் எழுந்தான். இடது கையால் அறைந்தான். அவள் கரிந்த கம்பத்தில் மோதி விழுந்தாள். உதடு பிளந்து பல்லில் ரத்தம் கோத்தது. கஜபதி நாற்காலியை மடித்துத் தன் ஆளிடம் கொடுத்துவிட்டு, "உங்க இஷ்டம்" என்று வண்டியேறினான்.

அப்புறம் அந்த வீட்டில் அவளோடு யாரும் பேசவில்லை. கடையில் பரந்தாமன், அவள்தான் தப்பாக அடித்தாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தினமும் ஷம்ஷாத் தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்து, "இன்னிக்காவது சொல்றியா?" என்று மட்டும் கேட்பாள். அவள் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுவாள். ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து, அவள் சொன்னால்தான் சமாதானம், இல்லையென்றால் அஸ்கரைக் கூட்டிப்போவோம் என்று சொல்லிவிட்டுப் போன அன்று, அஸ்கர் அவளுக்கு எதிரில் வந்து நின்றான்.

"கடைசியா கேக்கறேன். இன்னா எழுதின?"

"ஏரி."

"இந்த ஊட்ல இருக்கறவ எரின்னுதான் சொல்லணும்."

ரூஹி துணிகளைப் பையில் வைத்தாள். முகம் கழுவினாள். துப்பட்டாவைத் தலையில் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தபோது அஸ்கர் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தான். வழியை விடவில்லை. அவன் கையில் கட்டு அவிழ்ந்து துணியின் நுனி தொங்கிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து அதைச் சுற்றி, வலிக்காமல் முடிச்சுப் போட்டாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"நவுரு" என்றாள்.

அவன் நகர்ந்து உட்கார்ந்தான். அவள் படியைத் தாண்டி இறங்கினாள். உள்ளே ஷம்ஷாத் கொதிக்கிற உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தாள், எத்தனை பேருக்கு என்று தெரியாமல்.